அந்தப் பாடத்தில் என்னதான் படிப்பிக்கிறீர்கள்?

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஏதாவது கதையுங்கள் என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்தார்கள். கணிதம், விஞ்ஞானம், பதினொரு வயதுச் சோதனை, ரியூசன் என்று கதைக்க இந்த வானொலிக்கு நிறையப் பேர் வந்துபோகிறார்கள். நான் சோதனையே இல்லாத ஒரு பாடத்தைப் பற்றிக் கதைக்கப்போகிறேன். உங்கள் பிள்ளையின் நேர அட்டவணையில் கிழமைக்கு ஒரு தடவை பி.எஸ்.எச்.ஈ. என்று ஒரு கட்டம் இருக்கும். தனிமனித, சமூக, சுகாதார, பொருளாதாரக் கல்வி. லண்டனின் வெளிப்பக்கத்தில் ஒரு இரண்டாம்நிலைப் பாடசாலையில் இதைப் படிப்பிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. நான் பயிற்சி எடுத்தது உயிரியலுக்கு. இது பிறகு சேர்த்துத் தலையில் கட்டியது, இங்கே நிறையப் பாடசாலைகளில் நடப்பு இதுதான்.

இந்தப் பாடத்துக்கு மதிப்புக் குறைவு. "மிஸ், இது ஜி.சி.எஸ்.ஈ. சோதனைக்கு வருமா?" என்று வருடத் தொடக்கத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், வராது என்றதும் பேனையை மூடி வைத்துவிடும். பெற்றோர் சந்திப்பிலும் கணித ரீச்சரின் மேசைக்கு முன்னால்தான் வரிசை. ஆனால் அடுத்த தவணையில் பாலியல் கல்விப் பாடங்கள் தொடங்குகின்றன என்று பாடசாலையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனால் போதும், எங்கள் ஆட்கள் விழித்துக்கொள்வார்கள். மகளை அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கடிதம் வரும். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று அதில் இருக்காது. யாரோ ஒரு மாமி வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டுவிட்டு எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே விளங்கிவிடும்.

சரி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரிலிருந்து இரண்டாம்நிலைப் பாடசாலைகளில் உறவுகள் பற்றிய கல்வியும் பாலியல் கல்வியும் கட்டாயம், அரச நிதியில் நடக்கும் பாடசாலைகளில் சுகாதாரக் கல்வியும் கட்டாயம். பிள்ளையை விலக்கிக் கேட்கிற உரிமை பாலியல் கல்வி என்ற அந்த ஒரு பகுதிக்கு மட்டுமே உண்டு. உறவுகள் பகுதியிலிருந்தோ சுகாதாரப் பகுதியிலிருந்தோ விலக்க முடியாது, விஞ்ஞான வகுப்பில் வரும் இனப்பெருக்கப் பாடத்திலிருந்தும் முடியாது. அதுவும் பிள்ளைக்கு 16 வயது ஆவதற்கு மூன்று தவணைக்கு முன்னர் வரைதான். அதற்குப் பிறகு, அம்மா அப்பா வேண்டாம் என்றாலும், எனக்கு வேண்டும் என்று பிள்ளை சொன்னால் பாடசாலை ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். வேல்ஸ் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவர்களோடு ஒப்பிட வேண்டாம். அங்கே 2022இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் விலக்குகிற உரிமையே இல்லை.

அப்படியென்றால் மிச்ச நேரமெல்லாம் என்ன படிப்பிக்கிறோம்? நித்திரை. ஓம், நித்திரை. ஆண்டு 7 பிள்ளைகள் இரவு எத்தனை மணி வரைக்கும் தொலைபேசியோடு கிடக்கிறார்கள் என்று கேட்டால் நீங்கள் திகைத்துப்போவீர்கள், அவர்கள் எங்களிடம் சொல்வார்கள், உங்களிடம் சொல்லமாட்டார்கள். வேப் என்கிற மின்சிகரெட், மது, சூதாட்டச் செயலிகள். மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துவது எப்படி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டர் எதற்கு. ஆண்டு 8இல், சில புற்றுநோய்களைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி போடும்போது அது ஏன் என்று விளங்கப்படுத்துவோம். 2019 செப்டெம்பரிலிருந்து அது பொடியன்களுக்கும் போடப்படுகிறது, இப்போது ஒரே ஊசிதான். கட்டாயத் திருமணம் பற்றியும் ஒரு பாடம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பெப்ரவரியிலிருந்து கலியாண வயது 18, அதற்கு முன் வீட்டில் பேசிச் சடங்கு மட்டும் வைத்தாலும், பிள்ளை சம்மதித்திருந்தாலும் அது குற்றம். இதை அறியாத பெரியவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள்.

ஒரு பாடத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். ஆண்டு 9, அந்தரங்கப் படங்களை அனுப்புவது பற்றியது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று நாங்கள் ஒருபோதும் கேட்பதில்லை. அது இந்தப் பாடத்தின் முதல் விதி, பிள்ளை தன் கதையைச் சபையில் சொல்லக்கூடாது, மற்றவனின் கதையையும் சொல்லக்கூடாது. அதனால் ஒரு கற்பனைப் பிள்ளையைக் கொண்டுவருவோம். எலா என்று வைத்துக்கொள்ளுங்கள், 14 வயது. விருப்பமான பொடியன் ஒருவன் மூன்று நாளாக ஸ்னாப்சாட்டில் படம் கேட்கிறான், அனுப்பாவிட்டால் உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்கிறான். எலா என்ன நினைக்கிறாள்? அவளுடைய சிநேகிதி என்ன சொல்லலாம்? படம் போய்விட்டது, அடுத்த நாள் வகுப்புக் குழுவில் வருகிறது, அதைப் பார்த்தவன் என்ன செய்ய வேண்டும்?

முதல் பத்து நிமிடம் சிரிப்புத்தான். பின்வரிசையில் ஒருவன் ஏதோ சொல்லுவான், நாலு பேர் மேசையில் தலை வைத்துச் சிரிப்பார்கள், நான் விட்டுவிடுவேன், அது கூச்சத்தில் வருகிற சிரிப்பு, தானாக அடங்கும். பிறகு சட்டத்தைச் சொல்வேன். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரின் அப்படியான படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டப்படி குற்றம், தன்னுடைய படத்தைத் தானே எடுத்திருந்தாலும். அப்போது வகுப்பு அமைதியாகும். "அப்ப அனுப்பினவளையும் பொலிஸ் பிடிக்குமா மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். இந்த இடத்தில்தான் அவசரப்படக்கூடாது. பயமுறுத்தி முடித்துவிட்டால், ஏற்கனவே படம் அனுப்பி மாட்டிக்கொண்ட பிள்ளை வாயே திறக்காது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ படம் வாங்கப்பட்ட பிள்ளையைக் குற்றவாளியாக்குவது பொலிஸின் நோக்கமல்ல என்பதையும், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைன் ஊடாக இணையத்திலிருந்து படத்தை எடுக்கச் சொல்லி முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். 0800 1111. இந்த இலக்கத்தைப் பலகையில் எழுதுவேன், யாரும் குறித்துக்கொள்வதாகக் காட்டிக்கொள்ளமாட்டார்கள், மணி அடித்த பிறகு போகிற போக்கில் இரண்டொருவர் தொலைபேசியில் படம் எடுப்பார்கள்.

அப்புறம் கேள்விப் பெட்டி. எல்லோரும் ஒரு துண்டு எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்றாவது எழுதிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பேனை பிடித்தவன் யார் என்று மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். பெற்றோர் பயப்படுகிற மாதிரிக் கேள்விகள் அதில் குறைவு. என் ஒரு பக்க மார்பு மற்றதைவிடப் பெரிது, இது நோயா? எனக்கு இன்னும் குரல் உடையவில்லை, டொக்டரிடம் போக வேண்டுமா? அப்பா தினமும் குடிக்கிறார், எனக்கும் அது வருமா? ஒன்றில், தமிழ்ப் பிள்ளையா வேறு பிள்ளையா தெரியாது, மாதவிடாய் நேரத்தில் தலைமுழுகினால் பிள்ளை பிறக்காதாமே என்று எழுதியிருந்தது. இந்தக் கேள்விகளை இந்தப் பிள்ளைகள் வேறு யாரிடம் கேட்பார்கள்? ஊரில் எங்கள் சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயம் வந்ததும் ரீச்சர், "இதை வீட்டை போய் வாசியுங்கோ" என்று நாலைந்து பக்கத்தை ஒன்றாகப் புரட்டிவிட்டார். வீட்டில் யார் வாசித்தார்கள்?

பாடசாலைகளையும் நான் சும்மா விடப்போவதில்லை. நிறைய இடங்களில் இந்தப் பாடம் மோசமாக நடக்கிறது. பயிற்சி இல்லாத ஒருவர், வேறு யாரோ தயாரித்த சிலைடுகளைக் காலையில்தான் முதல் தடவை பார்க்கிறார், முகம் சிவக்க வாசித்து முடிக்கிறார். சில பாடசாலைகளில் வருடத்துக்கு ஒரு நாளை ஒதுக்கி, எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அதில் ஒன்றும் ஒட்டாது. கோபப்படுவதென்றால் பெற்றோர் இதற்குத்தான் கோபப்பட வேண்டும். கிழமைக்கு ஒரு பாடவேளை, அதைச் செய்ய ஆர்வமும் பயிற்சியும் உள்ள ஆள், இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். இதுவரைக்கும் இந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

விலக்குவது உங்கள் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. நம்பிக்கை சார்ந்து யோசித்து, பிள்ளையோடு கதைத்து முடிவெடுத்த குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் விலக்கிய பிள்ளை அந்த மணித்தியாலம் நூலகத்தில் இருக்கும், மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் மற்றப் பிள்ளைகள் அந்தப் பாடத்தைத் தங்கள் பாணியில் அதற்கு ஒப்புவிப்பார்கள், அதில் என் திருத்தம் எதுவும் இருக்காது. ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னர் பாடப் பொருட்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பாடசாலை காட்ட வேண்டும், பதிப்புரிமை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஆங்கிலம் சிரமம் என்றால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாவம். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. அரசாங்கம் 2025 யூலையில் இந்தப் பாடங்களுக்கான வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது, அது 2026 செப்டெம்பரிலிருந்து நடைமுறை. அதற்கேற்பப் பாடசாலைகள் தங்கள் கொள்கையை மாற்றி எழுத வேண்டும், மாற்றும்போது பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். இப்படியான மின்னஞ்சலுக்கு எங்கள் பாடசாலையில் வழக்கமாகப் பதில் போடுகிறவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள்தான், அதில் தமிழ்ப் பெயரை நான் கண்டதில்லை. உங்கள் பாடசாலையிலிருந்து வந்தால், குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கிறதா என்றும் பார்த்து, இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.