ஓடுவது நீரா, பளிங்கா?

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரில், ஒரு குன்றின்மேல் நிற்கிறது அல்ஹம்ரா. அரபு மொழியில் 'சிவந்தது' என்று பொருள். 1238-இல் முதலாம் முகம்மது தொடங்கிய இந்தக் கோட்டையை, அவர் வழிவந்த நஸ்ரி சுல்தான்கள் அரண்மனை நகரமாகவே வளர்த்துவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் செம்மண் நிற மதில்தான். அழகையெல்லாம் உள்ளே பொத்தி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து விதானத்தைப் பார்க்கிறார்கள். நானோ சுவரின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிட்டேன். அங்கே பதித்திருக்கும் ஓடுகளில் யாரும் சித்திரம் தீட்டவில்லை. பச்சை, நீலம், கறுப்பு, தேன்நிறம் என்று தனித்தனி நிறத்தில் மெருகேற்றிச் சுட்ட ஓடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, இடைவெளியே தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். அது ஒரு பட்டையின் அடியில் புகுந்தது, அடுத்ததன் மேலேறியது, நட்சத்திரத்தைச் சுற்றி வளைந்தது. முடியும் இடம் அகப்படவேயில்லை. டச்சு ஓவியர் எஷர் 1936-இல் இங்கே வந்து இந்த வடிவங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு போனாராம். போகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு!

ஓடுகளுக்கு மேலே சுதை வேலை. பொன்னோ மணியோ அல்ல, வெறும் ஜிப்சம் சாந்து. என் மனத்தை அள்ளிக்கொண்டது இந்த எளிமைதான். 'இரு சகோதரிகள் மண்டபம்' என்ற கூடத்தில், அதே சாந்தில் செய்த சுமார் 5,000 சிறு துண்டுகளை அடுக்கடுக்காகச் சேர்த்து, தேனடைபோல விதானம் அமைத்திருக்கிறார்கள். அதன் அடிவிளிம்பில் ஜன்னல்கள். வெயில் நகர நகர விதானமே மெல்லச் சுழல்வதுபோல் இருக்கிறது.

சுவரெங்கும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: 'அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை.' நஸ்ரி வம்சத்தின் முழக்கம் அது. 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் கோட்டையைக் கத்தோலிக்க அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். வாசகம் இன்றும் சுவரில் இருக்கிறது.

பிறகு சிங்க முற்றம். 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் தொட்டியின் விளிம்பில் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நீரும் பளிங்கும் ஒன்றாகவே தெரிகின்றன, இரண்டில் ஓடுவது எது என்று புரியவில்லை என்கிறார் அவர். தொட்டியில் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை.

நன்றி, வணக்கம்.