கீழே ஓடும் வயலின்

நேயர்களுக்கு வணக்கம். இளையராஜாவின் பாடல்களைப் பற்றிப் பேச யாரை அழைத்தாலும் சளைக்காமல் பேசுவார்கள். நான் பாடல் வரியே இல்லாத ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’. கதை கிடையாது, காட்சி கிடையாது. வயலின்களின் ராஜ்ஜியம். பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வராவிட்டாலும், பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னணி இசையாக அவர் எடுத்துக்கொண்டது இந்தத் தொகுப்பைத்தான்.

வயலின் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆகவே வயலினில் இருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். வயலின் வித்வான் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வயலினின் ஒரு முனை மார்பில், மறு முனை கணுக்காலில். வாத்தியம் தானாக நிற்கிறது. இடது கை அதைத் தாங்க வேண்டியதில்லை. கை சும்மா இருப்பதால்தான் விரல் தந்தியின் மேல் இப்படியும் அப்படியும் வழுக்கி ஓடுகிறது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிறப்பது அந்த வழுக்கலில். மேற்கத்தியக் கலைஞரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே வைத்துக்கொள்கிறார். அவர் விரல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் பளிச்சென்று ஊன்றி எடுக்கிறது. தந்திகளைச் சுருதி சேர்ப்பதும் வேறு. அவர்களுக்கு நான்கு தந்திகளும் அடுத்தடுத்து ஒரே இடைவெளியில் ஏறும். ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம் அது. நமக்கு ஸ, ப, ஸ, ப. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டி ஒன்றுதான், உள்ளே இருக்கும் சங்கீதம் இரண்டு.

இந்தத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இரண்டு சங்கீதமும் கைவந்தவர். அப்படி ஒருவர் சென்னையில் இருந்திராவிட்டால் இந்த இசையைத் தாளில் எழுதிவைத்து என்ன பயன்?

சரி, கிழக்கையும் மேற்கையும் கலப்பது என்கிறார்களே, அதில் என்ன கஷ்டம்? கிதாருக்குப் பக்கத்தில் மிருதங்கத்தை உட்கார வைத்துவிட்டால் கலந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மேடையில் கைதட்டலும் கிடைத்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் ராகம் ஒற்றை வரியாகப் போகிறது. வரி என்று நான் சொல்வது சொற்களை அல்ல, ஸ்வரங்களின் ஓட்டத்தை. கல்யாணி ராகத்தின் ‘க’ என்னும் காந்தாரமோ தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மேற்கத்திய ஹார்மனிக்கு ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது அதில் ஒன்று ஆடினால் மொத்தமும் கலைந்துவிடும். ஒன்று ராகம் கெடும், அல்லது ஹார்மனி கெடும்.

இதற்கு இளையராஜா கண்ட வழிதான் நான் சொல்ல வந்தது. அவர் கட்டுக்கட்டாக ஸ்வரங்களை ராகத்தின் தலையில் ஏற்றவில்லை. மேலே ஒரு வரி போகிறதா, கீழே அதே ராகத்தின் ஸ்வரங்களை வைத்து இன்னொரு வரி எழுதினார். அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொன்றும் தனியே எடுத்துப் பாடக்கூடிய வரி. கவுண்டர்பாயிண்ட் என்பது இதைத்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றபோது அவர் கற்றது. நமக்குப் பழக்கமான ஒற்றை வரியை ஒன்றுக்கு மூன்றாகப் பெருக்குகிறார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டேன், செய்துபார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் என் குருநாதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கச்சேரி வித்வான், கண்டிப்பானவர். சினிமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தக் கேசட் வந்த புதிதில் நான் தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். யார் இசை என்று சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். ஐந்து நிமிடம் போயிருக்கும், “நிறுத்து” என்றார். போச்சு என்று நினைத்தேன். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “மறுபடி முதலில் இருந்து போடு” என்றார்.

“எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?”

“நிறையப் பேர், ஐயா.”

“அது தெரிகிறது. மேலே ஒருவன் வாசிக்கிறான். கீழே இன்னொருவன் அவன் பாட்டுக்கு வேறு எதையோ வாசித்துக்கொண்டு போகிறான். இவனும் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. அபஸ்வரமும் கேட்கவில்லை. எப்படி அப்பா?”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவரே தொடையில் தாளம் போட்டு மேல் வரியைப் பாட ஆரம்பித்தார். என்னைக் கீழ் வரியைப் பாடச் சொன்னார். இரண்டு ஆவர்த்தனம் தாண்டுவதற்குள் நான் அவர் வரிக்குப் போய்விடுவேன். “என் பின்னால் வராதே, உன் வழியில் போ” என்று அதட்டுவார். வாழ்நாள் முழுவதும் குருவின் பின்னால் போகப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை! காப்பி வந்து ஆறிப்போயிற்று. கடைசியில் இசையமைப்பாளர் யார் என்று சொன்னேன். “ஓகோ” என்றார். பிடித்திருக்கிறது என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. கேசட்டைத் திருப்பித் தரவும் இல்லை.

அவர் சொன்ன அந்தக் ‘கீழே ஒருவன்’ இருக்கிறானே, அவனைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். வானொலியில் ஒருமுறை சொன்னால் காற்றோடு போய்விடும் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: கீழே ஓடும் வரியைக் கேளுங்கள். நம் காது மெட்டைப் பிடித்துக்கொண்டே போகப் பழகியது. அதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, வயலினுக்கு அண்ணன் போன்ற, தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ எங்கே போகிறது என்று பாருங்கள்.

தொகுப்பை இளையராஜா இருவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். தியாகராஜர் ஒருவர், ஜெர்மனியின் இசைமேதை பாக் மற்றொருவர். பாக் 1750இல் காலமானார். தியாகராஜர் திருவாரூரில் பிறந்தது 1767இல். 17 ஆண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். பாக் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் முடிவில் ‘இறைவனுக்கே மகிமை’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைப் போட்டுவைப்பார். தியாகராஜரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்க ஆசைப்பட்டதில் என்ன வியப்பு?

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு பகுதி. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்னும் இசைக்கோவையின் முன்னிசைதான் அதன் அடிப்படை. துணை வாத்தியம் எதுவும் இல்லாமல், மூச்சுவிடாமல் ஓடும் இசை. அதைச் சுற்றித் தம் வரிகளை எழுதுகிறார் நம்மவர். பெரியவர் எழுதியதில் கைவைக்கலாமா என்று அந்தக் காலத்தில் சிலர் கேட்டார்கள். பாக்கே கைவைத்திருக்கிறார், ஐயா! 1731இல் அதே முன்னிசையை ஆர்கனுக்கு மாற்றி, கூடவே எக்காளமும் முரசும் சேர்த்து, ஒரு முழு வாத்தியக் குழுவையே அதன் பின்னால் நிறுத்தினார்.

கச்சேரிக்காரர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. குழு வயலின்கள் ஸ்வரங்களை நேராகப் பிடிக்கும் இடங்களில் ராகம் கமகம் இழந்து மொட்டையாக நிற்கிறது என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். இருபது முப்பது வயலின்களை ஒரே மாதிரி அசையச் சொன்னால் அது வேறு விபரீதம். அந்த இடங்களில் தனி வயலின் வந்து ராகத்தைக் காப்பாற்றுகிறது. எல்லா இடத்திலும் காப்பாற்றிவிட்டது என்று நான் வாதாட மாட்டேன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ பற்றித் தனியாகப் பேசத் திட்டமிட்டிருந்தேன். குருநாதர் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம், 2025 மார்ச் 8 அன்று லண்டன் மேடையில் முழு சிம்பொனி என்று இந்தப் பாதை நீண்டது. இவற்றில் திருவாசகத்தை முதலில் கேளுங்கள். அங்கே மாணிக்கவாசகரின் சொல் இருக்கிறது. சொல் வந்துவிட்டால் நம் காது மெட்டோடு போய்விடும். போகட்டும், முதல் தடவை அப்படியே கேளுங்கள். இரண்டாவது தடவை பாடுபவரை விட்டுவிட்டு, செல்லோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.