பைக்குள் போகும் லேப்டாப்புக்கு ஹைபர்னேட்தான்

வணக்கம் நண்பர்களே! கீபோர்டு வீடியோ அடுத்த வாரம். இன்று கோபமாக இருக்கிறேன். நேற்று ரயிலிலிருந்து இறங்கிப் பைக்குள் கைவிட்டால், புது லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுடுகிறது! மூடி வைக்கும்போது 90 சதவீதம் இருந்த பேட்டரி, 31.

மூடினால் ஸ்லீப்புக்குப் போகும், சரி. பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால், திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் அடங்கிவிடும். அந்த வகை ஸ்லீப்புக்கு எஸ்3 என்று பெயர். இப்போது பலவற்றில் அதை எடுத்துவிட்டு மாடர்ன் ஸ்டாண்ட்பை வைக்கிறார்கள். திரைதான் அணைந்திருக்கும், உள்ளே அவ்வப்போது விழித்துக்கொண்டு மெயில் பார்க்கும். கைப்பேசி அப்படி இருக்கட்டும், பைக்குள் கிடக்கும் லேப்டாப்புக்கு எதற்கு? எனக்கு அறவே பிடிக்கவில்லை.

என் தேர்வு ஹைபர்னேட். ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடும். திறந்தால் எல்லா டேபும், பாதியில் நின்ற எடிட்டிங்கும் விட்ட இடத்திலேயே இருக்கும். நேற்று இரவு 84 சதவீதத்தில் வைத்தேன், காலையிலும் 84! ஒன்றுகூடக் குறையவில்லை, பாருங்கள்!

இவ்வளவு நல்ல வசதியை விண்டோஸின் பவர் மெனுவில் காட்டாமல் வைத்திருக்கிறார்களே, அதுதான் எரிச்சல். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கத்தில் பவர் பட்டன்களுக்கான இணைப்பு. உள்ளே போனால் ஹைபர்னேட் மங்கலாகக் கிடக்கும், டிக் போட முடியாது. மேலே கேடயப் படத்தோடு ஒரு வரி இருக்கும், அதை அழுத்திய பிறகுதான் போட முடியும். ஒரு டிக்குக்கு இத்தனை வாசலா?

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் லேப்டாப் எந்த வகை என்று முதலில் பாருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஏ (powercfg /a). கிடைக்கும் நிலைகளில் எஸ்0 என்று வந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பைதான். இன்னொன்று, ஹைபர்னேட் இடம் பிடிக்கும். விண்டோஸ் 10-இல் வழக்கமாக ராம் அளவில் 40 சதவீதம், 16 ஜிபிக்கு ஏறத்தாழ ஆறரை ஜிபி. தாராளமாகக் கொடுக்கலாம்.

"தினமும் ஷட் டவுன் செய்கிறேன், புதிதாகத் தொடங்க அது போதாதா?" என்று கேட்பீர்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுனிலும் விண்டோஸின் மையப்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதுவே திரும்ப வரும். டாஸ்க் மேனேஜரில் அப்டைம், அதாவது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற கணக்கைப் பாருங்கள், நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்! லேப்டாப் மந்தமானால் ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுதான் புதிதாகத் தொடங்கும். அணைக்கவே வேண்டுமென்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனை அழுத்துங்கள்.