ஐந்து விதிகளும் ஒழுகிய கூரையும்

கட்டடக்கலை மாணவ நண்பர்களே, முதலாண்டு ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், நமக்குக் கிடைப்பதை நான் தீட்சை என்றே சொல்வேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் மாடல் ஒட்டுகிறோம், காலையில் அதை மதிப்பிடும் ஜூரி முன்னால் நிற்கிறோம், அவர்கள் பேசுகிற மொழி நம் வாயில் வரும்வரை திட்டு வாங்குகிறோம், ஐந்து வருடம் முடிவதற்குள் அம்மா ஆசையாகக் கேட்கிற பூவேலைக் கதவு நம் கண்ணுக்கு அசிங்கமாகிவிடுகிறது.

இந்தச் சமய வாடை பழையது. 1919-இல் கட்டடக்கலைஞர் வால்டர் குரோபியஸ் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியபோது வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் இருந்ததே ஒரு பேராலயத்தின் படம்தான். அங்கே முதல் பயிற்சி வகுப்பை வகுத்த யோஹானஸ் இட்டன் மஸ்தஸ்னான் என்ற சமயக் குழுவைச் சேர்ந்தவர். மொட்டைத் தலை, துறவி அங்கி, மூச்சுப் பயிற்சியோடு ஆரம்பிக்கும் வகுப்பு, கேன்டீனில்கூட அவர் சொன்ன சைவச் சாப்பாடு! 1923-இல் அவர் விலகிவிட்டார். ஆனால் பழகியதையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு வடிவம், வண்ணம் என்று புதிதாகத் தொடங்கும் அந்தப் பயிற்சி ஊர் ஊராகப் பரவி, பேசிக் டிசைன் என்ற பெயரில் நம் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது.

சரி, என்னை அதிகம் உறுத்துவது வில்லா சவாய். பாரிஸ் பக்கத்தில் புவாசியில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே 1931-இல் முடித்த வீடு. தூண்கள் மேல் நிற்கும் வீடு, மொட்டைமாடித் தோட்டம், நீள ஜன்னல் என்று அவருடைய ஐந்து விதிகளும் அதில் உண்டு, பரீட்சைக்கு நானும் மனப்பாடம் செய்தேன். அந்த வீட்டுக்கார அம்மா யூஜெனி சவாய், கூடத்தில் மழை, சாய்தளத்தில் மழை, கார் நிறுத்தும் இடத்துச் சுவர் முழுக்க ஈரம், குளியலறையில் கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் என்று 1936-இல் லெ கொர்புசியேவுக்கே கடிதம் எழுதியதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு போர் வந்து குடும்பம் வெளியேறியது. 1965-இல் அது பிரான்சின் பாதுகாக்கப்பட்ட சின்னம், 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னம், இன்று யாத்திரை போவதுபோல் போகிறோம்.

அழகான வீடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டுதல் பலிக்காவிட்டால் பக்தி போதவில்லை என்பார்களே, அதேபோல வீடு ஒழுகினால் குடியிருப்பவருக்கு ரசனை இல்லை என்று நம் துறையில் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த அம்மாவின் கடிதத்தைத் தமிழில் எழுதி ஸ்டூடியோ சுவரில் அந்த வீட்டின் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அப்புறம் அடுத்த ஜூரியில், யாரும் கேட்காவிட்டாலும், உங்கள் மாடியில் விழும் மழைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்கும் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.