சாக்ஸ் குதிகால்ல பயப்பட ஒண்ணுமே இல்ல, கணக்குதான் இருக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஊசியில கையாலயே சாக்ஸ் பின்னப் போறோம். ஃபேன் சத்தம் கேக்கும், பொறுத்துக்கங்க. புதுச்சேரி புழுக்கத்துல அது இல்லாம உல்லன் நூலைத் தொட முடியாது. வேர்த்த விரல்ல நூல் ஓடாது, கண்ணி (ஊசியில நிக்கற நூல் வளையம்) இறுகிப்போகும். பக்கத்துல ஒரு துண்டு வெச்சுக்கங்க.

இந்த வெயில்ல யாருக்கு சாக்ஸ்னு கேக்கறீங்களா? நம்ம ஊர்ல எத்தனையோ வீட்டுக்கு பாரிஸ்ல ஒரு சித்தியோ மாமாவோ இருக்காங்களே, அவங்களுக்குத்தான். அங்க மெஷின்லதான் போடுவாங்க, அதனால சூப்பர்வாஷ் உல்லன் வாங்குங்க. சாதா உல்லன் வெந்நீர்ல சுருங்கி பொம்மை சாக்ஸ் ஆயிடும். 75 சதவீதம் உல்லன், 25 சதவீதம் நைலான் கலந்த 4 பிளை, 100 கிராம் உருண்டை ஒண்ணு போதும்.

ரெண்டு பக்கமும் கூரான 5 ஊசி செட், 2.5 மி.மீ. பழைய நம்பர்ல 13னா 2.25, 12னா 2.75. நம்பர் ஏறினா ஊசி மெலியும், குழம்பாதீங்க.

முதல்ல ஒரு சின்னத் துண்டு வட்டமா பின்னிப் பாருங்க. 10 செ.மீ.ல 32 கண்ணி வரணும். அப்போ 64 கண்ணி 20 செ.மீ. சுத்தளவு. 22 செ.மீ. சுத்தளவு இருக்கற பாதத்துக்கு இது சரி, சாக்ஸ் கொஞ்சம் இழுபட்டாத்தான் காலோட நிக்கும். 30 கண்ணிதான் வந்துச்சுன்னா தொளதொளன்னு ஆகும், 2.25க்கு மாறுங்க.

கண்ணி ஏத்தும்போது ரெண்டு ஊசியைச் சேர்த்துப் பிடிச்சு ஏத்துங்க. இறுக்கி ஏத்தினா குதிகாலைத் தாண்டாது. 4 ஊசிக்கும் 16, 16. வட்டமா சேக்கறதுக்கு முன்னாடி மேசையில வெச்சு, எல்லாக் கண்ணியோட அடியும் உள்பக்கம் பாக்குதான்னு பாருங்க. முறுக்கிட்டு சேத்தா கடைசியில பிரிக்கறதுதான் வழி. 2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பர்ல் (எதிர்ப் பின்னல்)னு 5 செ.மீ., அப்புறம் மொத்தம் 15 செ.மீ. வர்ற வரைக்கும் சும்மா நிட். ஊசி மாறும் இடத்துல ஏணி மாதிரி இடைவெளி விழுதா? புது ஊசியில ரெண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலை நல்லா இழுங்க.

இப்போ குதிகால். பாதிக் கண்ணி, 32, ஒரே ஊசியில. போறது வர்றது எல்லாம் சேர்த்து 32 வரிசை, ஒவ்வொரு வரிசைலயும் முதல் கண்ணியைப் பின்னாம அடுத்த ஊசிக்கு மாத்துங்க. ஓரத்துல 16 சங்கிலி தெரியும், பின்னாடி அதுதான் உதவும். அப்புறம் திருப்பம்: 17 நிட், ரெண்டைச் சேர்த்து ஒண்ணு, 1 நிட், திருப்புங்க. ஒண்ணை மாத்தி, 3 பர்ல், ரெண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்புங்க. இனிமே எண்ணவே வேணாம். திரும்பின இடத்துல ஒரு சந்து தெரியும், அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு சேர்த்துப் பின்னி, இன்னும் ஒண்ணு. கடைசியில 18 மிஞ்சும். மிஞ்சலன்னா எங்கயோ சந்தைத் தவற விட்டுட்டீங்க.

ரெண்டு ஓரத்துலயும் 16, 16 எடுங்க. 18, 32, மேல் பாதம் 32, ஆக 82. மூலையில ஓட்டை விழும், அங்க கூட ஒரு கண்ணி எடுத்து அடுத்த சுத்துல பக்கத்ததோட சேர்த்துடுங்க. ஒண்ணுவிட்டு ஒரு சுத்துல 2 கண்ணி குறைச்சா 18 சுத்துல மறுபடி 64.

பிரெஞ்சு அளவு 38னா பாதத்தோட நீளம் சுமார் 24 செ.மீ. குதிகால்ல இருந்து 18 செ.மீ. வந்ததும் விரல் பக்கம் ஆரம்பிங்க. ஒண்ணுவிட்டு ஒரு சுத்துல 4 குறைச்சு 32, அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் 4 குறைச்சு 16. நூலை 40 செ.மீ. விட்டு, தையல் ஊசியால ரெண்டு பக்கக் கண்ணியையும் தச்சு மூடுங்க.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: கால்ல எத்தனை சுத்துன்னு நோட்டுல எழுதினீங்களா? இல்லன்னா இப்பவே எண்ணுங்க, ரெண்டாவது சாக்ஸும் இதே மாதிரி வரணுமே. அதுக்கு மிச்ச நூல் பாதிக்கு மேல இருக்கான்னு சமையல் தராசுல எடை போட்டுப் பாத்துடுங்க.