தின்பண்ட மெஷினுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சின்ன ஊர் மாய மர்மக் கதைகள் நம்மை ஏன் பிடித்து வைக்கின்றன

(திரையில்: இருட்டில் ஒரு கடை. ஓரத்தில் தின்பண்ட மெஷினின் வெளிச்சம் மட்டும்.)

ராத்திரி. எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். ஒரு வயதானவர் மெதுவாகக் கடைக்குள் வருகிறார். தின்பண்ட மெஷின் முன்னால் நின்று சில பட்டன்களை அழுத்துகிறார். மெஷின் கதவு மாதிரித் திறக்கிறது. உள்ளே போகிறார், மூடிக்கொள்கிறது. முதல் எபிசோட் அங்கேயே முடிகிறது.

அவர் உள்ளே எதற்குப் போனார் என்பது 2012 ஜூனில் விழுந்த முடிச்சு. அவிழ்ந்தது 2015 மார்ச்சில். கிட்டத்தட்ட மூன்று வருஷம்! அதுவரை அந்த ஊரை விட்டு நகராமல் ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் போகப்போகிற ஊர் கிராவிட்டி ஃபால்ஸ். அமெரிக்காவின் ஓரேகான் மாநிலத்துக் காட்டுக்குள் இருக்கும் கற்பனை ஊர். கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் வீடியோவை நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். மொத்தமே 40 எபிசோட்தான்.

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் ஹிர்ஷ் உருவாக்கிய கார்ட்டூன் தொடர், டிஸ்னி சேனலில் தொடங்கியது, இரண்டே சீசன், 2016 பிப்ரவரியில் முடிந்தது. டிப்பர், மேபல் என்ற 12 வயது இரட்டையர்களைக் கோடை விடுமுறைக்கு ஸ்டான் என்ற சின்னத் தாத்தா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் காட்டோரமாக 'மர்மக் குடில்' நடத்துகிறார். டூரிஸ்டுகளுக்குப் போலி அதிசயங்களைக் காட்டிக் காசு பார்க்கிற கடை அது. டிப்பர் கையில் ஒரு பழைய டைரி கிடைக்கிறது. அட்டையில் ஆறு விரல் கை, அதில் 3 என்ற எண். உள்ளே, அந்தக் காட்டில் இருக்கும் நிஜமான அதிசயங்களைப் பற்றிய குறிப்புகள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

சின்ன ஊரில் மர்மம் என்பது பழைய சரக்கு. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1927-லேயே வந்துவிட்டார். பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்து, 'இந்த ஆள் எங்கள் ஊரில் இன்னார் மாதிரி இருக்கிறாரே' என்று யோசித்தே கொலையாளியைப் பிடித்துவிடுவார். ஆனால் இந்த வகைக் கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஊர் சின்னது, மர்மம் என்றால் பிணம். 1984-ல் தொடங்கி 12 சீசன் ஓடிய ஓர் அமெரிக்கத் தொடரில் கேபட் கோவ் என்ற கடலோரச் சிற்றூர் வரும். அங்கே விழுந்த பிணங்களைப் பார்த்து, ஒரே சின்ன ஊரில் கொலை குவிவதற்கே 'கேபட் கோவ் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாரம் ஒருவர் செத்தால் ஊரில் யார் மிஞ்சுவார்கள்?

மாயம் உள்ளே வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பிணம் இருந்த இடத்துக்குக் குள்ள பூதம் வருகிறது. ஊர் அப்படியே இருக்கிறது. அதே ஹோட்டல், அதே பரிமாறும் அம்மா, அதே இரண்டு போலீஸ்காரர்கள். அடுத்த வாரமும் அவர்களைப் பார்க்கலாம் என்ற நிம்மதியோடு பயப்படலாம்.

முதல் எபிசோடையே பாருங்கள். மேபலுக்கு ஒரு பையன் அறிமுகமாகிறான். வெளிறிய முகம், தள்ளாடும் நடை. ஜோம்பிதான் என்று டிப்பர் முடிவே கட்டிவிடுகிறான். காட்டுக்குள் அந்தப் பையன் போட்டிருந்த மேல்கோட்டைத் திறக்கிறான். உள்ளே ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்கும் குள்ள பூதங்கள்! அவர்களுக்குப் புது ராணி வேண்டுமாம், மேபலை ராணியாக்க வேண்டுமாம். கடைசியில் அவர்களை விரட்டுவது காய்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிற தோட்டத்து மெஷின். வீட்டில் கிடக்கிற சாமான் போதும், மாய உலகத்தைச் சமாளிக்க. இந்த அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் என்னை இந்த ஊரில் நிரந்தரமாகக் குடிவைத்தது இரண்டாவது எபிசோட். ஏரியில் ஒரு ராட்சத மிருகம் இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் கேலி செய்கிற மெக்கக்கெட் கிழவர் கத்துகிறார். அன்றைக்கு ஸ்டான் தாத்தா பேரப்பிள்ளைகளோடு மீன் பிடிக்க ஆசைப்பட்டுப் படகில் காத்திருக்கிறார். பிள்ளைகள் அவரை விட்டுவிட்டு மிருகத்தைத் தேடிப் போகிறார்கள். மிருகம் துரத்துகிறது, மாட்டுகிறது, பார்த்தால் அது இயந்திரம். உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது அதே கிழவர். மகன் வந்து பார்த்தே பல மாதம் ஆகிவிட்டது, யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று செய்தாராம்.

அந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தா ஞாபகம் வருகிறது. எந்த முடிச்சை அவிழ்த்தாலும் அதன் அடியில் நமக்குத் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பெரிய நகரத்து மர்மத்தில் குற்றவாளி யாரோ ஒருவன். இங்கே அது தினமும் தெருவில் பார்த்துச் சிரித்த முகம். அதனால் விடை தெரிந்த பிறகு ஊர்மேல் பாசம் கூடிவிடுகிறது. என்னைக் கேட்டால், 'இதமான மர்மம்' என்று சொல்கிறார்களே, அந்த இதம் இங்கிருந்துதான் வருகிறது. டீக்கோப்பையும் மழையும் அப்புறம்தான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு எபிசோடும் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவை ஒன்று வரும். அது சங்கேத மொழி. சாவி எங்கே தெரியுமா? தொடக்க இசையின் கடைசியில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். அதைத் தலைகீழாக ஓடவிட்டால், 'மூன்று எழுத்து பின்னால்' என்கிறது! ஆங்கிலத்தில் டபிள்யூ வர வேண்டிய இடத்தில் இசட் இருக்கும், ஈ இருக்க வேண்டிய இடத்தில் எச். மூன்று மூன்றாகப் பின்னால் நகர்த்தினால், முதல் எபிசோடின் செய்தி 'கிராவிட்டி ஃபால்ஸுக்கு நல்வரவு'. ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் பயன்படுத்திய அதே முறை இது.

ஆறு எபிசோடுக்குப் பிறகு முறையே மாறிவிடும். முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து என்று தலைகீழாக்கிவிட்டார்கள். அப்புறம் எழுத்துக்குப் பதில் எண்கள். இரண்டாவது சீசனில் ஒவ்வொரு செய்திக்கும் தனி சாவிச் சொல் வேண்டும், அதை எபிசோடுக்குள்ளேயே ஒளித்துவைத்திருப்பார்கள்.

இதைத் தமிழில் செய்து பார்த்தேன், அருமையாக வருகிறது. க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. பதினெட்டு மெய். மூன்று தள்ளினால் க, ஞ ஆகிறது. ம, ல ஆகிறது. காலும் கொம்பும் புள்ளியும் அப்படியே இருக்கட்டும். கடைசி எழுத்து வந்துவிட்டால் மறுபடி க-விலிருந்து எண்ணுங்கள். 'மரம்' என்று எழுதினால் 'லழல்'. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு வாரம் மொபைல் கேட்க மாட்டார்கள்.

(திரையில்: மறுபடியும் அந்தத் தின்பண்ட மெஷின்.)

சரி, மெஷினுக்குப் பின்னால் என்ன? நிலவறையில் ஒரு பிரம்மாண்டமான வாசல், வேறோர் உலகத்துக்கு. அந்த உலகத்தில் தொலைந்துபோன தன் இரட்டைச் சகோதரனை மீட்கத்தான் ஸ்டான் முப்பது வருஷம் பொய் சொல்லி வாழ்ந்திருக்கிறார். அந்தக் காட்சியில் புவியீர்ப்பே நின்றுபோகிறது, எல்லோரும் மிதக்கிறார்கள், மேபல் கையருகே நிறுத்தும் பட்டன். டிப்பர் அழுத்து என்று கத்துகிறான். தாத்தா, என்னை நம்பு என்கிறார். எல்லா ஆதாரமும் அவருக்கு எதிராக இருக்கிறது. அவள் தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறாள், கையை எடுத்துவிடுகிறாள். காட்டையே தேடித் துப்புத் துலக்கிய பிள்ளைகளுக்கு, பெரிய மர்மம் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடர் முடிந்த அதே 2016-ல், ஹிர்ஷ் நிஜ உலகத்தில் ஒரு புதையல் வேட்டை வைத்தார். முதல் துப்பு ரஷ்யாவில், அடுத்தது ஜப்பானில், பிறகு அமெரிக்க ஊர்கள். ரசிகர்கள் இணையத்தில் கூடிப் பேசி ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஆகஸ்ட் மாதம், ஓரேகானின் ரீட்ஸ்போர்ட் என்ற சிற்றூர்க் காட்டுக்குள் தொடரின் வில்லனான முக்கோண உருவத்தின் சிலை கிடைத்தது. கையை நீட்டிக்கொண்டு நிற்கும் சிலை. இப்போது அது கலிஃபோர்னியாவில் கன்ஃபியூஷன் ஹில் என்ற சாலையோர அதிசயக் கடையில் இருக்கிறது. சாய்ந்த வீட்டுக்குள் போனால் புவியீர்ப்பே தவறிவிட்ட மாதிரித் தோன்றும் இடம் அது. ஸ்டான் தாத்தாவின் கடைக்கு அண்ணன் மாதிரி.

நீங்கள் இப்படி ஊரோடு சேர்த்து நேசித்த மர்மக் கதை எது? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். கூடவே, திரையில் வரும் இந்த வரிக்கு விடையும் போடுங்கள். மூன்று எழுத்து பின்னால், மறக்க வேண்டாம்.

(திரையில்: ஞாந்நுஞ்ஞுக் றா)