ஐம்பது வாட்டும் ஒரு படி கடலையும்

(ஒரு பல்கலைக்கழகச் சமூக வானொலியின் தொடக்க விழாவில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

வரும்போது உங்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சமூக வானொலிக்கு அதை முப்பது மீட்டருக்கு மேல் எழுப்ப அனுமதி கிடையாது. உள்ளே இருக்கும் ஒலிபரப்பி 50 வாட். நம் வீட்டுத் திண்ணையில் முன்பு எரிந்த குண்டு பல்பே 60 வாட்! ஆன்டெனா கூட்டிக் கொடுப்பதைச் சேர்த்தாலும் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது. பத்து, பதினைந்து கிலோமீட்டர் போய்ச் சேரும். நடுவில் ஒரு குன்று நின்றால் அதுவும் சந்தேகம்.

இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடிவிடுகிறது. எனக்கோ இதுதான் பிடித்த விஷயம். கேட்பவர் அத்தனை பேரையும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வேறு எந்த ஒலிபரப்புக்கு அந்தக் கொடுப்பினை உண்டு?

கொஞ்சம் பழைய கதை. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. அரசு அவசரப்படவில்லை. 2002 கடைசியில்தான் கதவைத் திறந்தது, அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4இல் பேச ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் வளாக வானொலி அது. தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் 2006இல்தான் வழி விட்டார்கள். ஆக, முதல் சில வருடம் மைக் முழுக்க நம் கையில். சமூக வானொலியில் அந்த வாத்தியார் குரல் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்பது என் எண்ணம். நானும் அதற்கு உடந்தை.

வாத்தியார் குரலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சாவூர் விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைப் பயிரிட்டார்கள். ரகத்தின் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே கேட்டு வாங்கினார்கள். ஆனால் அது ஒரு மண்டலம் முழுவதற்கும் பேசிய நிலையம். பதினைந்து கிலோமீட்டருக்குப் பேசுகிறவர் அதே குரலில் பேசினால் என்ன ஆகும்? எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த நிலையத்தில் முதல் வருடம் நிலக்கடலை விதை நேர்த்தி பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். “ஒரு கிலோ விதைப்பருப்புக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ்” என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னார். சூடோமோனாஸ் என்பது நோய் வராமலிருக்க விதைக்கும் முன் விதையில் கலக்கிற நுண்ணுயிர்ப் பொடி. நிகழ்ச்சி அருமை என்று நாங்களே எங்களைப் பாராட்டிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா நிலையத்துக்கே வந்துவிட்டார். மஞ்சள் பைக்குள் ஒரு இரும்புப் படி.

“தம்பி, கிலோவெல்லாம் கடைக்காரன் கணக்கு. எங்க வீட்ல தராசு ஏது? ஒரு படிக்கு எவ்வளவு போடணும்னு அந்த சாரைக் கேட்டுச் சொல்லுங்க.”

பேராசிரியரைக் கூட்டி வந்து, அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, மைக்கைப் போட்டோம். அவர் கேட்டார். சார் யோசித்தார். விடை வரவில்லை. அப்புறம் ஆய்வகத்துத் தராசை எடுத்துவரச் சொல்லி, படியில் பருப்பைக் கொட்டித் தலைதட்டி, நிறுத்துப் பார்த்தார். பொடிக்கு அந்த அம்மா வீட்டுக் கரண்டியே அளவானது. பருப்பு கலகலவென்று விழுகிற சத்தம், சார் விடை தெரியாமல் நின்ற அந்த நான்கைந்து நொடி மௌனம், எதையும் நான் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி மேலிருந்து ஃபோன் வந்தது. பேராசிரியர்தான் “இருக்கட்டும்” என்றார். பிறகு ஊர்களுக்குப் போனபோது, எங்கள் நிகழ்ச்சிகளில் ஜனங்கள் நினைவு வைத்துக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாரிக்கப்பட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பாதியை எப்படி நிரப்புவது என்பதில்தான் நாம் கெட்டிக்காரர்கள். பக்கத்து ஊரில் இரண்டு பாட்டிகளைத் தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்துவிட்டால் கணக்கு நேர். பாட்டியிடம் தாலாட்டு மட்டும்தானா இருக்கிறது? ரேஷன் கடை எந்த நாளில் திறக்கும், எந்தக் குட்டைத் தண்ணீரை மாடு குடிக்காது, எல்லாம் அவருக்குத் தெரியும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பத்தான் நமக்குத் தடை. பேச்சுக்குத் தடை இல்லையே.

நேர விஷயம் ஒன்று பாக்கி. எங்கள் விவசாய நிகழ்ச்சி காலை பதினொரு மணிக்கு. படி கொண்டுவந்த அம்மாவே சொன்னார்: “அந்நேரம் களை எடுத்துக்கிட்டு இருப்போம், யார் கேப்பா?” சாயங்காலம் ஆறரைக்கு வையுங்கள் என்றார். வைக்க முடியவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. ஐந்து மணிக்கு அலுவலக உதவியாளர் நிலையத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கிராமத்துக்கு வேலை முடிகிற நேரத்தில் நம் கட்டடத்துக்கும் வேலை முடிந்துவிடும். கணினியில் ஏற்றிவைத்துத் தானாக ஓடவிடலாமே என்றோம். மின்சாரம் போய்வந்தால் ஜெனரேட்டரைப் போட ஆள் வேண்டுமே என்றார்கள். கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, ஒரு மறுசாவி செய்துகொள்ள அனுமதி வாங்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு விதைப்புப் பட்டமே போய்விட்டது.

ஆகவே கருவி என்ன விலை, மென்பொருள் எது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு உங்கள் பொறியாளர் இருக்கிறார். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்த நிலையத்துச் சாவி ஐந்து மணிக்கு மேல் யாரிடம் இருக்கப்போகிறது? பதிவாளர் ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் இறங்கியதும் சொன்னால் போதும். எனக்கு ஏழே காலுக்குக் கடைசி பஸ்.